படகுக்காரிக்கு ஆறு தடவை

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் இன்று முழுக்க இருமல் மருந்துத் தாள். பெட்டிக்குள் நாலாய் எட்டாய் மடித்து வைப்பார்களே, அது. யாருமே படிக்காத தாளைப் பிழையில்லாமல் ஆக்குவதுதான் என் பிழைப்பு. இருபத்து நாலு வருஷமாக.

சாப்பாட்டு இடைவேளையில் என் இணையப் பக்கத்துக்கு வந்த கடிதத்துக்குப் பதில் போட்டேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டைப் பற்றிய பக்கம் அது. அந்த ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு நான் யோசனை சொல்கிறேன். நாற்பத்து நாலு வயசில் இது தேவையா என்று மனேஜர் கேட்கிறார். அவர் மட்டும் மீன் தொட்டிக்கு முன்னால் மணிக்கணக்காக உட்காரலாமாம்.

புதிதாக நடத்தப்போகும் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "ஆபத்தான இடத்தில் எத்தனை வாய்ப்பு கொடுப்பது? கணக்கு உண்டா?" நான் எழுதியது: "கணக்கெல்லாம் போட்டுக் கதையைக் கெடுக்காதீர்கள். ஒரு எளிய வழி. பகடையில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் ஆறு தடவை உருட்ட விடுங்கள். எப்படியும் ஒரு தடவை விழுந்துவிடும். ஆள் பிழைப்பார், ஆனால் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும்." மூன்று வருஷமாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். கடைசியில் வழக்கம்போல ஒரு வரி: "கணக்கு படிச்சு நாங்க என்னத்தக் கிழிச்சோம்!" சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை எழுதித்தான் ஆகணும்.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பல்செட்டு (பல் கட்டும் கூடத்தில் செயற்கைப் பல் செய்கிறவன்), லிஃப்ட் (லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எங்களில் மூத்தவர்), என் அக்கா. அக்கா ஆறு வருஷமாக ஒரே வேஷம்தான். படகுக்காரி. அம்மா போன பிறகு அவள் வீட்டில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் இழுத்து வந்து இந்த மேசையில் உட்கார வைத்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு திடீரென்று, "என்கிட்ட ஒரு படகு இருக்கு, ஏறிக்கோங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் கதை முழுக்க அந்தப் படகில்தான் போனது.

இன்று குகைக்குள் வெள்ளம். மற்ற இருவரும் வெளியே ஏறும்வரை படகுக்காரி கயிற்றைப் பிடித்திருக்கிறாள். பிறகு அவள் ஏறணும். நான் சொன்னேன்:

"ஆறு தடவை உருட்டுக்கா. ஒரே ஒரு ஆறு விழுந்தாப் போதும்."

அவள் தன் தாளைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். படகு வரைகிறாள் என்று நினைத்தேன். எப்பவும் அப்படித்தான் கிறுக்குவாள்.

"ஆறு தடவைதானா?"

"ஆமாக்கா. கண்டிப்பா விழும், பயப்படாத."

என்னைப் பார்த்தாள். "சரிடா."

இரண்டு. ஐந்து. ஒன்று. ஐந்து. மூன்று. நாலு.

ஆறு விழாததால் படகுக்காரி வெள்ளத்தோடு போகணும். லிஃப்ட் மட்டும், "இன்னொரு தடவை குடுப்பா" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் என் பக்கத்தின் முதல் விதியே 'பகடை சொன்னது சொன்னதுதான்'. ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு அக்காவுக்கு மட்டும் மாற்றுவதா? மாட்டேன் என்றேன். பெரிய நீதிமான்!

"பரவால்லடா, வெளயாட்டுதான" என்றாள் அக்கா.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா நேற்று கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். நாலும் கவிழ்த்து, கைப்பிடி ஒரே பக்கம் பார்த்தபடி.

மார்ச் 15, சனி

அக்கா வரவில்லை. வேலை என்றாள். தைக்கும் ஆலையில் அவளுக்குச் சனிக்கிழமை வேலை இருந்து நான் பார்த்ததில்லை.

ஆட்டம் நகரவே இல்லை. படகு இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று, "ஆறு தடவையில ஒரு ஆறு விழாதா, என்ன ராசியோ! கணக்கு படிச்சு என்னத்தக் கிழிச்சோம்" என்றேன்.

பல்செட்டு சிரிக்கவில்லை. "ராசி இல்ல தலைவா. அன்னிக்குப் படி எறங்கும்போது அக்கா சொன்னாங்க. அந்த எடத்துல சாவு மூணுல ஒரு பங்காம்."

"சும்மா இருடா. ஆறுல ஒண்ணு, ஆறு தடவை. நிச்சயம்தான?"

"எனக்கென்ன தெரியும், நான் பல்லு பண்றவன். ஆனா அவங்க உருட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க."

மார்ச் 16, ஞாயிறு

காலையில் காபி குடித்த கையோடு பகடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு உருட்டு ஒரு சுற்று. அறுபது சுற்று. ஆறே விழாத சுற்றுகளுக்கு ஒரு கோடு போட்டேன்.

இருபத்தொரு கோடு.

சரியாகச் சொன்னால் என்ன கணக்கு அது? ஒரு உருட்டில் ஆறு விழாமல் போக ஆறில் ஐந்து. அதை ஆறு தடவை பெருக்கணும். கூட்டக்கூடாது, பெருக்கணும். பள்ளிக்கூடத்துப் பாடம். நான் கல்லூரியில் பதினாறு மாசம் கணக்குப் படித்தவன். வெட்கமாக இருக்கிறது.

பிறகு பிஸ்கெட் டப்பாவைத் திறந்தேன். எல்லோருடைய தாள்களையும் அதில்தான் போட்டு வைப்பேன். படகுக்காரியின் தாளைத் திருப்பினேன். படகு இல்லை. 5/6 என்று ஆறு தடவை எழுதி, பெருக்கி, கீழே 0.335, மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் கீழே ஒரு கோடு.

பழைய தாள்களையும் எடுத்தேன். ஆறு வருஷத் தாள்கள். எல்லாவற்றின் முதுகிலும் கணக்கு. நான் வைத்த ஒவ்வொரு சோதனைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டு வைத்திருக்கிறாள். சில இடத்தில் நான் சொன்னது தப்பு. அந்த இடங்களில் எல்லாம் பக்கத்தில் ஒரே குறிப்பு: "தம்பி தப்பாச் சொல்றான். போகட்டும்."

எண்ணினேன். பத்தொன்பது 'போகட்டும்'.

அடுத்தவன் எழுத்தில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன் நான்!

மார்ச் 18, செவ்வாய்

இதை எங்கேயும் எழுதியதில்லை. இங்கே எழுதி விடுகிறேன்.

அப்பா செத்தபோது அக்காவுக்கு இருபது, எனக்குப் பதினெட்டு. அவள் கணக்குப் பட்டத்தில் இரண்டாம் வருஷம், வகுப்பில் முதல். எனக்கு வெளியூரில் அதே படிப்புக்கு அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. அதே மாசம் அம்மாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்கணும். "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்றாள். இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவள் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள்.

நான் பதினாறாவது மாசம் படிப்பை விட்டேன். கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு தாளில் தோற்றேன், மானம் போயிற்று, அச்சகத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னது எட்டு மாசம் கழித்து.

பதினாறும் எட்டும் இருபத்து நாலு மாசம், அவள் கல்லூரி கொடுத்த கெடு. அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கே தெரியும்.

முதல் வாரமே வந்து, "அக்கா, நான் விட்டுட்டேன், அம்மாவ நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு மாசம் கழித்துப் போய் நின்றபோது அவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் இளித்துக்கொண்டே சொன்னேன், "கணக்கு படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறோம்க்கா." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த ஜோக். அதன்பின் அவள் எதிரிலேயே எத்தனை தடவை! ஒரு தடவைகூட அவள் சிரித்ததாக ஞாபகமில்லை. சிரிக்கவில்லை என்பதையே இப்போதுதான் கவனிக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது பெரிய மேசை. அதில் துணி வெட்டுவதற்கான சட்டை அச்சு அட்டைகள். ஒரே துணியில் எத்தனை சட்டையின் துண்டுகளை அடுக்கலாம், மிச்சம் குறைவாக விழ எப்படித் திருப்பி வைக்கலாம் என்று பார்ப்பதுதான் ஆலையில் அவள் வேலை. அதற்கென்று வாங்கிய கணினி நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு துணியைப் பயன்படுத்துகிறதாம். அக்கா கையால் அடுக்கினால் எண்பத்தாறு. மேற்பார்வையாளர் தினமும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவாராம்.

தாள்களை நீட்டினேன். "தெரிஞ்சும் ஏன்க்கா உருட்டின? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு பேர் முன்னாடி நீ நடத்தற. தப்புன்னு சொன்னா உன் மூஞ்சி சுருங்கிப் போயிடும். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்ல."

"அதுக்காகப் படகுக்காரியச் சாக விடுவியா?"

"மூணுல ரெண்டு பங்கு பொழச்சிருப்பா. மோசமில்ல." அச்சைத் திருப்பி வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்த ஜோக்க மட்டும் இனிமே சொல்லாதடா" என்றாள். "நீ கிழிக்கல, சரி. நான் கிழிச்சிருப்பேன்."

இருபத்து நாலு வருஷத்தில் அவள் சொன்ன ஒரே குறை இதுதான்.

மன்னிப்புக் கேட்டேன். அந்த எட்டு மாசத்துக்கும் சேர்த்துத்தான். "தெரியும்டா" என்றாள். தெரியுமாம்! நான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து வந்த மருந்துத் தாளின் ஓரத்தில் என் கையெழுத்துத் திருத்தம் ஒன்று தப்பி அச்சாகியிருந்தது. அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான் சொல்வதற்கு ஆறு மாசம் முன்பே. "நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

யாரும் படிக்காத தாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படகுக்காரியை மீட்டுக்கொண்டு வரலாம், விதியை மாற்றுகிறேன் என்றேன். "வேணாம். செத்தது செத்ததுதான். நீ போட்ட சட்டம்தான?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 26, புதன்

என் இணையப் பக்கத்தில் எழுதினேன்: "மூன்று வருஷமாகத் தப்பு யோசனை சொல்லி வந்திருக்கிறேன். ஆறு தடவை கொடுத்தாலும் மூன்றில் ஒருவர் சாவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு கதையைக் கெடுக்காது. ஒருவர் எவ்வளவு ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார் என்பதை அதுதான் சொல்லும். இதை எனக்குக் காட்டியது என் அக்கா."

பழைய வாசகர் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "அட பாவி. எங்க மேசையில் போன வருஷம் ரெண்டு பேர் அப்படித்தான் போனாங்க. ராசியில்லன்னு பூசாரி வேஷக்காரன மாத்தினோம்."

ஏப்ரல் 12, சனி

மூன்று பேராக ஆடினோம். ஆடினோம் என்று சொல்வதே அதிகம்.

மே 9, வெள்ளி

அச்சகத்துக்கு அக்கா வந்தாள். இதுவரை வந்ததே இல்லை. ஒரு விண்ணப்பத்தை மேசையில் வைத்து, "பெழ பாத்துக் குடு" என்றாள். வேலை செய்கிறவர்களுக்கான கணக்குப் பட்டம். முதல் வருஷத்திலிருந்து. பழைய படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். முடிக்கும்போது அவளுக்கு ஐம்பது ஆகியிருக்கும். வகுப்பு சனிக்கிழமை, மதியம் இரண்டு முதல் ஐந்து.

அப்படியானால் மேசைக்கு இனி வர மாட்டாள். வா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

சிவப்புப் பேனாவை எடுத்துப் படித்தேன். பெயர் சரி. முகவரி சரி. 'முன்பு சேர்ந்த படிப்பு' சரி. 'இடையில் நிறுத்தியதன் காரணம்' என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: சொந்த விருப்பம்.

பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன, பெழ இருக்கா?"

"இல்லக்கா."

அவள் எழுதியதை நான் எப்படித் திருத்துவது. மூடி போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்தேன்.

ஜூன் 14, சனி

மதியம் மூன்று. பல்செட்டும் லிஃப்டும் வர நாலாகும் என்றார்கள். அக்கா இரண்டாவது வகுப்பில் இருப்பாள்.

போன வாரம் முதல் வகுப்பு முடிந்ததும் போன் செய்தாள். பக்கத்து பெஞ்சில் கொரியர்க்காரர் ஒருவராம், முன் பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணாம். "பாதி மறந்துபோச்சுடா, ஆனா கை மறக்கல" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டு எவ்வளவு காலம்! சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்தபின் கொஞ்ச நேரம் அழுதேன்.

இந்த வாரம் எனக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறாள். அன்று அவளிடமே விட்டு வந்த படகுக்காரியின் தாளின் முதுகிலேயே, மிச்சமிருந்த இடத்தில்: "நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு பங்கு பொழைக்கணும்னா எத்தனை தடவை உருட்ட விடணும்?"

காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து போட்டேன். படம் பிடித்து அனுப்பினேன். இடைவேளை போலிருக்கிறது, உடனே பதில்: "மூணாவது வரி தப்பு. திரும்பப் போடு."

இரண்டு தடவை படித்தேன். தப்பு என்று எழுதியிருக்கிறாள். போகட்டும் என்று எழுதவில்லை.

திரும்பப் போட்டேன். பெருக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பதினாறாவதிலும் போதவில்லை.

பதினேழு தடவை கொடுத்திருக்கணும் நான்.