மாதுளைத் தோல் மருந்தும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதைக் கீழே எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் உனக்குப் பசி மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஓடிவந்து, ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் நின்றுகொள்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத சேதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாதுளைத் தோலைக் காயவைத்துச் சாறெடுத்து, வெயிலில் கெடும் சருமத்துக்குக் களிம்பு செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். குப்பைக்கூடைக்குப் போவதில் போய் மருந்து தேடுகிறாளே என்றேன். எத்தனை முறை களிம்பு திரிந்துபோய்க் கீழே கொட்டியிருப்பாய்! வேறு யாராவது என்றால் வேலையையே விட்டிருப்பார்கள். நீ விடவில்லை. அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா தன்னுடையது என்கிறார். இப்போதெல்லாம் மாதுளம்பழம் உரித்தால் தோலைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வருவதில்லை. தட்டில் அடுக்கிவைக்கிறார். எறும்பு மொய்த்ததும் நான்தான் கூட்டித்தள்ளுகிறேன்.

நீ அனுப்பிய டப்பாக்களை நீச்சல்குளத்தில் எல்லோருக்கும் அவரே கொடுத்தார். அவரைப் போலப் பகலெல்லாம் வெயிலில் நிற்கும் பயிற்சியாளர்கள், காவலுக்கு நிற்பவர்கள், தண்ணீர் சுத்தம் செய்பவர் என்று ஒருவர் பாக்கியில்லை. பிறகு நீ ஒவ்வொருவரையும் ஃபோனில் கேட்டாய். எரிச்சலே இல்லை, பிரமாதம் என்றார்கள், இல்லையா? அதை வைத்துத்தான் உன் முதலாளி, வெயிலுக்கு இது ஒன்றே போதும் என்று டப்பாவில் அச்சடிக்கக் கிளம்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நீ அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய்.

போடாதே, கண்ணு.

நீ கூப்பிடுவதற்கு முந்தின நாள் உன் அப்பா குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த என் காதில் எல்லாம் விழுந்தது. என் பொண்ணு கேப்பா, நல்லா இருக்குன்னு சொல்லிடுங்கப்பா, அவ மனசு நோகக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். அங்கே அவருக்கு இருக்கும் மரியாதைக்கு யார் மறுப்பார்கள்? அப்படிக் கெஞ்சும்போது அவர் பிடரியே தோலுரிந்து கிடந்தது. உன்னிடம் மட்டும், வெண்ணெய் மாதிரி இருக்கும்மா என்றாராமே!

வெயிலை வாசலிலேயே நிறுத்துவது வேறு, உள்ளே நுழைந்த வெயில் செய்யும் சேதத்தைக் குறைப்பது வேறு, என் மருந்து இரண்டாவது வேலைக்குத்தான் என்று நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். உன்னுடையதை மட்டும் நம்பியவர்கள் சிவந்துபோனார்கள். தண்ணீர் சுத்தம் செய்பவர் ஒருவர்தான் வழக்கமான சன்ஸ்கிரீனையும் விடாமல் பூசி, அதோடு உன்னுடையதையும் தடவினார். முன்பைவிட அவர் முகம் இப்போது தெளிவாக இருக்கிறது. ஒரு ஆளை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பாய். சரி, நீயே சோதித்துப் பார். துணைக்கு நிற்க வேண்டிய மருந்தைத் தனியாக நிற்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உன் உழைப்பில் குறை எதுவும் இல்லை.

இனி அப்பா சமாசாரம். காதுமடலில் ஒரு சின்னப் புண் ரொம்ப நாளாக ஆறவில்லை. தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். துணுக்கு வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். உன் களிம்பால் வந்ததோ என்று பதறிக் கேட்டேன். இல்லவே இல்லை, இது பல வருட வெயில் என்று அடித்துச் சொன்னார். முடிவு இன்னும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டர் எழுதிக்கொடுத்த சன்ஸ்கிரீனை இவர் திறக்கவே இல்லை. என் பொண்ணு மருந்து இருக்கும்போது அடுத்தவன் மருந்தை நான் ஏன் தொடணும் என்கிறார். சண்டை போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள் என்று நீ கலங்குவது தெரியும். இத்தனை வருட வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டப்பாவில் அச்சடித்ததை நம்பி வெயிலில் போய் நிற்கிறவர்களுக்கும் வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள்.

அப்பாவிடமும் நீயே சொல்லிவிடு. என் மருந்து மட்டும் போதாதுப்பா என்று உன் வாயால் கேட்டால் ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். மறுநாளே, என் பொண்ணு உள்ளதை உள்ளபடி சொல்றவ என்று குளம் முழுக்கப் பீற்றிக்கொள்ளக் கிளம்பிவிடுவார். பீற்றிக்கொள்ளட்டும். இன்னும் பல வருடம் அவர் அதையே பேச வேண்டும், நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போக வேண்டும்.

நீ நன்றாக இரு.

உன் அம்மா