பெரிய தொட்டி கேட்டவள்

மே 6, 2025

கடற்கரையில் நான் ரோல்ஸ் பொரித்து விற்கும் கடைக்குப் பக்கத்தில் நகரசபை புதுக் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறது. பச்சை நிறம், அழகான மூடி. எங்கள் வீட்டு அரிசி வாளி இதைவிடப் பெரிது.

மே 11

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அஸர் தொழுகைக்கு முன்பே தொட்டி நிறைந்துவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிறகு வந்தவர்கள் பண்பானவர்கள், பைகளைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஊருக்குள் திரியும் மான்கள் அவற்றைக் கிழித்து என் கடை வாசல்வரை பரப்பிக் கொடுத்தன.

மே 13

சபை மேற்பார்வையாளர் யோகலிங்கம் வந்தார். கடையைச் சுற்றிக் குப்பை கிடந்தால் அனுமதி ரத்தாம். பெரிய தொட்டி தாருங்கள் என்றேன்.

"பெரிசா வைச்சா சனம் இன்னும் கொட்டும், தங்கச்சி. சின்னன் எண்டா குறைச்சுப் போடுவினம்."

நாளைக்குச் சின்னச் சட்டியில் சோறு வைக்கப்போகிறேன். பிள்ளைகளுக்குப் பசி குறைகிறதா, பார்ப்போம்.

மே 20

இன்றும் சபைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன்.

முதுகு நோவால் கடலுக்குப் போகாமல் கட்டிலில் கிடக்கிற என் புருசன் நௌபர் கேட்கிறார்: "தொட்டியோட ஏன் புள்ள மல்லுக்கட்டுறாய்?"

வேறு யாரோடு கட்ட? இந்தக் கடை போனால் அடுப்பு எரியாது. பயமாக இருக்கிறது.

ஜூன் 2

ஒரு குட்டிமான் தொட்டிக்குள் தலையை விட்டு, எடுக்க ஏலாமல் தொட்டியோடு ஓடியது. ஆட்டோக்கார ஜவ்பர்தான் பிடித்துக் கழற்றிவிட்டார். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

ஜூன் 4

படம் ஃபேஸ்புக்கில் ஓடுகிறது. நான் கத்தியபோது தூங்கிய சபை இதற்கு எழும்பிவிட்டது. பெரிய தொட்டி வருகிறதாம்! சந்தோசத்தில் யோகலிங்கத்துக்கு மீன் ரோல்ஸ் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

ஜூன் 17

வந்தது. குளிக்கலாம், குடும்பத்தோடு. எங்கே வைப்பது? மணலில் சரியும். ரோட்டோரம் வாகனம். மிச்சம் சீமெந்துத் தரை ஒன்றுதான். நௌபர் தன் கையால் போட்டது. அதில் என் கடை நிற்கிறது. யோகலிங்கம் அதைத்தான் காட்டினார்.

"கோவிக்காதேங்கோ, தங்கச்சி. நீங்கள்தானே பெரிசு கேட்டனீங்கள்?"

ஓம், நான்தான் கேட்டனான். எனக்கு இது வேணும்! வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தனானா?

அழுதேன்.

ஜூலை 8

கடை இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால். வியாபாரம் பாதியும் இல்லை.

இன்று கடற்கரைப் பக்கம் போனேன். எங்கள் தரையில் தொட்டி கச்சிதமாக நிற்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும். தின்ன ஒன்றும் விற்காத இடத்தில் யார் குப்பை போடுவார்கள்?

வந்ததற்கு, கையிலிருந்த கச்சான் கடலை சுற்றிய கடதாசியைப் போட்டுவிட்டு வந்தேன்.