வட்டத்தைப் பிரிக்கும் முன்னே

ஆகஸ்ட் 3

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இறையருளால் இங்கு அனைவரும் நலம். தங்கள் மகளும் நலமே. மருமகளாக வந்த நாள் முதல், என் மகனைவிட அவள்தான் என்னோடு அதிகம் பேசுகிறாள்.

இனி எழுத வேண்டியதைத் தயங்கியே எழுதுகிறேன். எங்கள் மேற்பார்வைக் குழுவில் ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றதால், அவர் பார்த்துவந்த பள்ளிகள் என் பொறுப்பில் வந்துள்ளன. தங்கள் பள்ளியும் அவற்றுள் ஒன்று. தங்கள் கணக்கு வகுப்பில் அமர்ந்து மதிப்பீடு எழுத வேண்டியவள் நான். சென்ற ஆண்டு தங்களுக்குப் ‘போதாது’ என்று எழுதப்பட்டதையும், மறுபடியும் அவ்வாறே அமைந்தால் வகுப்பிலிருந்து எடுத்துப் பண்டக அறைக்கு மாற்றிவிடுவார்கள் என்பதையும் அறிவேன்.

உறவினரை மதிப்பிடக் கூடாதென்ற விதியைக் காட்டி விலக முயன்றேன். அதிகாரி விதித்தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க, வீட்டுக்காரர். அவ்வளவுதாம்மா இருக்கு. சம்பந்திக்குக் கட்டமே இல்லீங்களே” என்றார். சொந்த வாழ்வில் சம்பந்தி என்றால் நடுங்குபவர் அவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். என் நடுக்கம் மட்டும் அவருக்குப் புரியவில்லை.

பதினெட்டாம் தேதி வருகிறேன். நாள்தோறும் வழிபாட்டில் தங்களை நினைத்துக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் நலம் நாடும்
சம்பந்தி


ஆகஸ்ட் 7

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் ஓடவில்லை. போன வருஷம் வந்தவர், ‘மாணவர்கள் வாய் திறப்பதில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். அது பொய்யென்று சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டபின் வகுப்பு அமைதியாகிவிட்டால் எனக்குப் பொறுக்காது; பதிலையும் நானே சொல்லிவிடுவேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பண்டக அறைக்கு ஜன்னல் கிடையாது. உடைந்த பெஞ்சுகளுக்குக் காவலிருந்தபடி ஓய்வு பெற எனக்கு மனமில்லை. என் மகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். உங்கள் வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் என் கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் நீங்கள் போக வேண்டும். அதைத் தடுக்க எந்தக் கட்டமும் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்புடன்
சம்பந்தி


ஆகஸ்ட் 19

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தாங்கள் நீட்டிய டீயை நேற்று வாங்காமல் வந்தது என் நெஞ்சை உறுத்துகிறது. மதிப்பீட்டை அனுப்பும்வரை எந்தப் பள்ளியிலும் தண்ணீர்கூட அருந்துவதில்லை என்பது இப்பணியில் சேர்ந்தபோது நான் ஏற்ற நோன்பு. அதைத் தங்களுக்கென்று தளர்த்த அஞ்சினேன்.

கேட்ட கேள்விக்கெல்லாம் கைகள் எழுந்தன. “பாத்தீங்களா, எப்படிப் பொளந்து கட்டுதுங்க” என்று தலைமையாசிரியர் என் காதருகே பூரித்தார். தாங்கள் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தீர்கள். அதைப் பங்கிட ஒரு கோடும் இழுக்கவில்லை. சுண்ணக்கட்டி இன்னும் விளிம்பிலேயே இருந்தது. முன்வரிசையில் இரட்டைப் பின்னலிட்ட வாயாடிச் சிறுமி எழுந்து, “எட்டில் மூணு, டீச்சர்” என்றாள். வட்டம் அப்போது முழுதாக இருந்தது.

தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலை குனிந்துகொண்டேன்.

மறைக்கு உரை கண்ட பெரியோர், ‘அஃது எங்ஙனம்?’ என்று முதலில் ஓர் ஐயத்தை எழுப்புவார்கள். அதில் நம்மைச் சற்றே தவிக்கவிட்ட பின்னரே விடைக்கு வருவார்கள். அத்தவிப்பின்றி வந்த விடையை நான் என்னவென்று எழுதுவது?

மதிப்பீட்டை இன்னும் அனுப்பவில்லை. மாத இறுதிக்குள் மறுமுறை வர விதி இடம் தருகிறது. வரட்டுமா? வேண்டாமெனில், கண்டதையே எழுதுவேன். காணாததை எழுத என்னால் இயலாது.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்
சம்பந்தி


ஆகஸ்ட் 22

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

ஆமாம். அதே பாடத்தை அதே கேள்விகளோடு முந்தின நாளே நடத்தி முடித்திருந்தேன். பிள்ளைகள் வாய் திறக்கவில்லை என்று எழுதியது உங்கள் குழு. திறக்க வைத்தேன். இப்போது சீக்கிரம் திறந்துவிட்டது என்கிறீர்கள்.

வேறு யாராவது வந்திருந்தால் உயர்ந்த கைகளைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போயிருப்பார்கள். “சம்பந்தியே வராங்க, உனக்கென்னடி கவலை” என்று கேலி செய்த ஆசிரியைகள், நீங்கள் டீயை ஒதுக்கியதும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஆறிப்போன அந்த டம்ளரை நான்தான் கழுவி வைத்தேன்.

நேற்று மகள் போனில், “அத்தை ஏம்மா சரியாவே சாப்பிட மாட்டேங்கறாங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

வாருங்கள். எந்த நாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் மறுபடியும் ஒத்திகை பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு
கணக்கு ஆசிரியை


ஆகஸ்ட் 30

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தாங்கள் எவ்வாறு விளித்தாலும் நான் இவ்வாறே விளிப்பேன்.

நேற்று என்னைக் கதவருகே கண்டதும் தங்கள் முகம் வெளிறியது. இந்த வகுப்பு நன்றாக அமைய வேண்டுமே என்று இறைவனை வேண்டிக்கொண்டே கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். மதிப்பிட வந்தவள் செய்யத் தகாத வேண்டுதல் அது.

பாதியைப் பாதியால் வகுத்தால் ஏன் ஒன்று வருகிறது என்று கேட்டீர்கள். ஒரு கையும் எழவில்லை. விடை சொல்லத் தங்கள் உதடுகள் பிரிந்தன, மூடிக்கொண்டீர்கள். மேசை விளிம்பைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு அந்த வாயாடி எழுந்தாள்.

“வகுத்தா குறையத்தானே டீச்சர் செய்யணும்? இது எப்படிக் கூடுச்சு?”

“நல்ல கேள்வி. உனக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல. எல்லாரும் யோசிப்போம்” என்றீர்கள். மணி அடித்தது. விடை வரவில்லை. பிள்ளைகள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டே வெளியேறினார்கள். எனக்கும் இன்னும் புலப்படவில்லை, கிடைத்தால் எழுதுங்கள்.

நான் எழுதியது இது: ‘முதல் வருகையில் பாடம் ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது. இரண்டாம் வருகையில் வகுப்பு சிந்தித்தது. இவர் வகுப்பறையில் தொடர வேண்டும்.’ ஓரத்தில், இவர் என் சம்பந்தி என்றும், வேறொருவரும் வந்து பார்ப்பது முறை என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

முதல் வரி தங்களைச் சுடும். அதை மறைத்திருந்தால் கடைசி வரியை யாரும் நம்பத் தேவையில்லை. அந்த முதல் வரியாலேயே பண்டக அறை வாய்த்துவிட்டால், தங்கள் மகளை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்பது தெரியவில்லை.

சம்பந்தி


செப்டம்பர் 21

அன்புள்ள சம்பந்தியம்மா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். உங்கள் முதல் வரியைத் தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் வாசித்தார். அன்று மாலையே மகளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். “ரெண்டு பேரும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டா இருந்தீங்க?” என்று சிரித்துவிட்டாள்.

போன வாரம் வேறொரு மேற்பார்வையாளர் வந்தார். சொல்லாமல்தான் வந்தார். இரண்டு டீ குடித்தார். வகுப்பு அமைதியானபோது பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று உத்தரவு வந்திருக்கிறது. இந்த வருஷம் வகுப்பிலேயே இருக்கலாம். அடுத்த வருஷம் மறுபடியும் பார்ப்பார்களாம். பயம் போகவில்லை. இனி போகும் என்றும் தோன்றவில்லை.

வாயாடியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பிள்ளைகளே காகிதத்தை மடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். என்னவென்று இதில் எழுத மாட்டேன். நீங்களும் கொஞ்சம் தவியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். மதிப்பீடுதான் அனுப்பியாகிவிட்டதே. டம்ளரை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்
உங்கள் சம்பந்தி