பத்தொன்பது படங்களும் நம் வயல் பாதையும்

இலத்தூர்,
ஆனி 30

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்பாள். குற்றாலத்தில் சாரல் பிடித்து நாலு நாளாகிறது, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. நம் பாதைச் சமாசாரத்தைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் அப்பா பிடுங்கி முடிவைச் சொல்லிவிடுவார். அதனால் முடிவை நானே முதலில் எழுதிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம், வேலியைப் பிடுங்கியாயிற்று.

குளத்துக்குக் கீழே ரிசார்ட் கட்டுகிறவர் வைகாசிக் கடைசியில் நம் வயல் பாதையை மறித்துக் கம்பிவேலி போட்டதைச் சொல்லியிருந்தேன். இங்கே பாதையே இருந்ததில்லை என்று சாதித்தார். பழைய வரைபடத்திலும் அது இல்லை, நடந்து நடந்து உண்டான பாதைதானே. நாற்று பறிக்கும் நேரம், பன்னிரண்டு குடும்பமும் நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றினோம். நாற்று நட முடியாவிட்டால் வயலை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் ஆள் அனுப்பினார். அப்பா ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே, "எல்லாரும் குடுத்தா நம்மளும் குடுத்துருவோம் மூக்கம்மா" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தாலுகா ஆபீஸ் விசாரணையில் தாசில்தார் அம்மா ஆதாரம் கேட்டார். தைப்பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன நாலாபக்கமும் சுற்றி ஒரே படமாகப் பிடிக்கிற அந்தக் கேமராவில், நீ பார்ப்பதற்காக வீட்டிலிருந்து வயல் வரைக்கும் நின்று நின்று பத்தொன்பது படம் எடுத்து வைத்திருந்தேனே, அதைக் கொண்டுபோனேன். ரிசார்ட்காரருடைய வக்கீல் சிரித்தார். "தனித்தனிப் படம், இது எந்த ஊரு மரம்னு யாருக்குத் தெரியும்" என்றார். தாசில்தார் அம்மா ஒரு வாரம் தவணை கொடுத்தார். படங்களை ஒன்றோடொன்று இணைத்து வலைப்பக்கத்தில் போடச் சொல்லி நீ தலைபாடாய் அடித்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

நம் கம்ப்யூட்டர் கடையில் சான்றிதழ் எடுக்க வருகிறவர்களை அனுப்பிவிட்டு, நீ போனில் சொல்லித்தந்தபடி ஒவ்வொரு படத்திலும் அடுத்த இடத்தில் அம்புக்குறி வைத்தேன். முதல் நாள் எல்லாம் கோணல். அம்பை அமுக்கினால் அடுத்த படம் திறக்கிறது, ஆனால் அது வந்த வழியையே பார்த்து நிற்கிறது. அப்பா எட்டிப் பார்த்து, "ஏட்டி, கிணத்தத் தாண்டி மேக்கால போனா மலை முன்னாலல்லா தெரியணும், நீ முதுகுக்குப் பின்னால காட்டுதே" என்றார். அந்த ஒரு பேச்சு போதும். மலையைக் கணக்காக வைத்துப் பத்தொன்பதையும் திருப்பினேன். பிறகு அமுக்க அமுக்க நடக்கிற மாதிரியே போயிற்று, ஒரு படத்தில் தூரத்தில் தெரியும் புளியமரம் அடுத்த படத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

விசாரணை அன்று தாசில்தார் அம்மா மவுசைத் தானே வாங்கிக்கொண்டார். நம் வாசலில் தொடங்கி, வாய்க்கால் பாலம், கிணறு என்று நடந்தார். பதினான்காவது படத்தில் ஜாஹிரா பீவி பால்கேனோடு எதிரே வருகிறாள். அதை அப்படியே பக்கவாட்டில் திருப்பினார். புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரோ வழிப்போக்கன் என்று நான் கவனிக்காமல் விட்ட ஆள். தாசில்தார் அம்மா அந்த முகத்தைப் பெரிதாக்கினார். சாட்சாத் அந்த ரிசார்ட்காரர்! இப்போது வேலி நிற்கிற அதே இடம், தை மாதத் தேதியோடு. "பாதையே இல்லாத இடத்துக்கு நீங்க எப்படி சார் பைக்ல வந்தீங்க?" என்று கேட்டார். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். வெளியே வந்ததும் ஜாஹிரா பீவி என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நம்ம பாலுகேனும் கோர்ட் ஏறிட்டுல்லா!" என்று சிரித்தாள், தாலுகா ஆபீஸ்தான் என்று திருத்த எனக்கு மனசு வரவில்லை.

உத்தரவு வந்து வெள்ளிக்கிழமை வேலியைப் பிடுங்கினார்கள். மறுநாள் பன்னிரண்டு வயலிலும் மீதி நடவு. அப்பா ஒரு கட்டு நாற்றுக்கு அந்தப் பாதையில் நாலு தடவை போய்வந்தார், கேட்டால் மறந்துபோச்சு என்கிறார். இப்போது இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பாதையையும் இப்படிச் சேர்த்துத் தரச் சொல்லி வந்திருக்கிறார்கள். டீச்சர் கணக்காய் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்களிடம் பேசினேன்.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாய், நினைத்ததெல்லாம் கைகூடி வாழ வேண்டும். மறக்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார், நேற்று இருபதாவது படம் ஒன்று சேர்த்திருக்கிறேன். அதில் இடதுபக்கம் திருப்பினால், முழங்கால் சேற்றில் அப்பா நிற்கிறார்.

உன் அம்மா,
சு. மூக்கம்மாள்