விளக்குக்கு வடக்கே ஒன்றுமில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், இந்த வீட்டில் இதுவரை சொன்ன பொய் போதும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை, அனுப்புகிற செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய், அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

இங்கே ஐஸ் அரைக்கிற மெஷின் மறுபடியும் பல் உடைந்து கிடந்தது, உன் மாமா வந்து இரண்டு நாள் மல்லுக்கட்டி ஓட வைத்தான். எனக்கு விரலெல்லாம் மரத்துப்போகிறது, நீ அனுப்பிய கையுறையை அப்பா டீசல் கேன் பிடிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேட்டால் உனக்கு இது பெருசா இருக்கும் என்கிறார், போட்டுப் பார்த்தவள் நான். வேலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. முன்பெல்லாம் விடியலில் போன படகு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும், நாலு கூடை ஐஸ் போதும். இப்போது கரைத் தண்ணீர் சூடேறி மீன் ஆழத்தைத் தேடி ஓடிவிட்டது, போனால் மூன்று நாள், நாலு நாள், ஒவ்வொரு படகும் அடித்தட்டு நிறைய ஐஸ் வாரிக்கொண்டு போகிறது. போன வருஷம் நீ ஆராய்ச்சிக்கு வந்து ரெக்கார்டரை என் முகத்துக்கு நேரே நீட்டி, கடல் மாறியதால் உங்கள் தொழிலில் என்ன மாற்றம் என்று யாரோ மாதிரி கேட்டபோது, ஐஸ் நல்லா விக்குதுடி என்றேன். உன்னோடு வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. அப்பா கரைக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார், கையில் எடுத்த தம்ளர் மடியில் சாய்ந்து கிடக்கிறது, அதை வாங்கி வைத்துவிட்டு நான் மறுபடியும் ஐஸுக்கு ஓடுகிறேன். இதுதான் மாற்றம், இதை எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மாமா உனக்கு என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது, அவன் வாய் அவன் பேச்சைக் கேட்காது. நடந்ததை முறையாக நான் சொல்கிறேன். கடலுக்குள் காற்றாலை வரப்போகிறது என்று மீன் ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வந்து சுவரில் ஒரு கடல் வரைபடத்தை மாட்டினார், நீங்க மீன் பிடிக்கிற இடத்தை நாங்க தொடவே இல்லை, இதோ பாருங்க கலங்கரை விளக்குக்கு வடக்கே அப்படியே விட்டுட்டோம், ஒரு தூண்கூட அங்க வராது, இந்தப் படத்தைப் போட்டதே உங்க ஊர்ப் பொண்ணுதான் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அப்பா பக்கம் திரும்பிக் கும்பிடு வேறு போட்டார். தூண் வரப்போகிற இடம் எது என்று படத்தில் பார்த்தோம். நம் படகெல்லாம் இப்போது நம்பியிருக்கிற ஒரே இடம் அது. தூண் நட்டுவிட்டால் அந்தப் பக்கம் வலை போட விடமாட்டார்கள். கூடம் முழுக்க நம் ஆட்கள்தான். என்ன சொல்வார்கள்? சார், நாங்க எல்லாரும் சேர்ந்து புளுகிட்டோம் என்றா?

உனக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் நீ ஐந்தாம் வகுப்பிலேயே விடுதிக்குப் போனவள், படகில் கால் வைக்காதவள். எங்கேப்பா மீன் கிடைச்சது என்று வெளியாள் யார் கேட்டாலும் இந்தப் படகுத் துறையில் ஒரே பதில்தான், விளக்குக்கு வடக்கே, கரை மறையுற வரைக்கும் போகணும். லாரிக்காரன் கேட்டாலும் அதுதான், பக்கத்துத் துறை ஆள் கேட்டாலும் அதுதான். அங்கே வெறும் சேறு, வலையைப் போட்டால் வலைதான் கனக்கும். இடத்தைச் சொன்னால் மறுநாள் அங்கே நூறு படகு நிற்கும் என்ற பயம், அந்தப் பயம் ஊறிப்போய் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசிக்காமலே வாயில் வந்துவிடும். நீ கரையில் நின்ற படகு படகாகப் போய்க் கேட்டாய், எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள், எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்கம்மா, இவ்வளவு தெளிவா எங்கேயும் கிடைச்சதில்லை என்று நீ சமையற்கட்டில் வந்து குதித்தாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்புக்காக எழுதுகிறாள், எங்கேயாவது அலமாரியில் தூங்கப்போகிறது என்று நினைத்தேன், அது இப்படி எழுந்து வந்து வாசலில் நிற்கும் என்று கண்டேனா.

உன் கோபம் அதைப் பற்றி இல்லை என்றும் எனக்குத் தெரியும். ஊர் ஆயிரம் சொல்லட்டும், அப்பா எங்கிட்டயுமா என்று மாமாவிடம் கேட்டாயாம், நான் வெளியாளா மாமா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாயாம். நான் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன், குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அன்றிலிருந்து கடலுக்குப் போகிறார் வருகிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆட்சேபம் இருந்தால் மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவரும் கொடுக்கவில்லை. சங்கத் தலைவர் நேற்று வீட்டுக்கு வந்தார், படம் தப்புன்னு நாங்க போய் நின்னா உங்க பொண்ணுக்குத்தான் அசிங்கம், அந்தப் பொண்ணே திருத்திக் கேட்டா எல்லாரும் அவங்கவங்க இடத்தைக் கொடுப்பாங்க, ஆனா முதல்ல நீங்க கொடுக்கணும் என்றார். அவர் போனதும் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். எதற்காக இப்படி ஊமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கத்தினேன், எனக்கும் அலுத்துவிட்டது, ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் எடுக்காத போன். அப்போதுதான் வாயைத் திறந்தார். என் பொண்ணு போட்ட படம் பொய்யுன்னு நானே ஊர் முன்னாடி நின்னு சொல்லணுமா, பொய் சொன்னது நான், பேர் கெடப் போறது அவளுக்கு என்றார். சொல்லிவிட்டு அழுதார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்துவிட்டு எழுந்துபோய், படகில் வழி பார்க்கிற அந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்துவந்தார். அது உனக்கும் தெரியும், துண்டில் சுற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவாரே, என்னைக்கூடத் தொடவிட மாட்டார். நேற்று அவராகவே என் கையில் கொடுத்தார், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறார், படி என்றார். பாறை, பழைய பாறை, கிழிஞ்ச வலை, மாமா கெடுத்தது, இப்படிப் போகிறது. இப்போது நமக்குச் சோறு போடுகிற அந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் தெரியுமா? வாண்டு. நீ விடுதிக்குப் போன நாளிலிருந்து அவர் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, கூச்சமோ என்னவோ. உன் பெயரை வைத்த இடத்தை உன்னிடமே மறைத்திருக்கிறார் மனுஷர், ஏன் இப்படி என்று கேட்டேன், அவ கேட்டப்ப பக்கத்துல அந்தப் பிள்ளைங்க நின்னுச்சு, வாய் தானா வடக்கேன்னு சொல்லிடுச்சு, அப்புறம் மாத்திச் சொல்ல முகம் இல்லை என்கிறார்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. படத்தைத் திருத்தினால் அங்கே உன் வேலையில் என்ன பேச்சு கேட்க வேண்டிவருமோ, அதுவும் எனக்குத் தெரியாது. திருத்தாவிட்டால் இந்தத் துறையில் படகுக்கும் வேலை இல்லை, என் ஐஸுக்கும் வேலை இல்லை. இரண்டையும் உன் முன்னால் வைக்கிறேன், எதைச் செய்தாலும் இது உன் வீடுதான். அந்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்களை இதிலேயே எழுதி அனுப்பலாம் என்று பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டார், தபால்காரர் மச்சானுக்குப் படகு இருக்குடி, இதிலெல்லாம் எழுதாதே என்கிறார். காற்றாலைப் படத்தில் ஊரே பார்த்தாகிவிட்டது, இன்னும் என்ன ரகசியம் என்றால் அது வேற இது வேற என்கிறார், இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அவர் வாயால் உன்னிடம் மட்டும்தான் சொல்வாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழிக்காதே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. நீ நினைத்தது நடக்க வேண்டும், உன் பெயருக்கு ஒரு குறையும் வரக்கூடாது, இந்தக் கிழங்கள் செய்த கூத்து உன் தலையில் விடியாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பா கடலுக்குப் போகமாட்டார், அந்த வாரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். காலையில் போன் வரும். எடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, நீ ஒன்றும் பேச வேண்டாம், அப்பா அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நீ என்னப்பா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா