ஆசிரியர் யார்?

மார்ச் 3

என்னங்க,

இங்கே நலம். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்திலெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன வாரம் ஆஸ்பத்திரியில் என்னால் ஒரு குழப்பம். நோயாளியின் குறிப்பில் "காதில் மூன்று சொட்டு" என்று எழுதிவிட்டேன். எந்தக் காது என்று எழுதவில்லை. நர்ஸ் நல்ல காதில் விட்டுவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றேன். மறுநாளே மாலை இலக்கண வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எது, யாருடையது என்று ஒரு சொல் சேர்த்தால் வாக்கியம் தெளிந்துவிடும் என்கிறார் ஆசிரியர். தப்பாகச் சொன்னாலும் உங்களைப் போல எரிந்து விழுவதில்லை.

உங்கள்
வாயாடி

மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். முன்பெல்லாம் "வந்தார்கள், போனார்கள்" என்று எழுதுவாய், யார் என்று நான்தான் மண்டையை உடைத்துக்கொள்வேன். இப்போது பளிச்சென்று புரிகிறது. சந்தோஷம்தான்.

ஆனால் ஆசிரியர் ஆசிரியர் என்கிறாயே, ஆணா, பெண்ணா? கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு சொல் சேர்த்து எழுது.

உன்
எரிந்து விழுகிறவன்

மார்ச் 20

என்னங்க,

சேர்க்க மாட்டேன். பெண் என்று எழுதினால் நிம்மதியாகிவிடுவீர்கள், ஆனால் என்னை நம்பி அல்ல. ஆண் என்று எழுதினால் வகுப்பை நிறுத்தச் சொல்வீர்கள். எட்டு வருடமாக உங்களோடு வாழ்கிறவள் நான். கோபமில்லை, வருத்தம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை லீவு போட்டு, உனக்குத் தெரியாமல் ஊருக்கு வந்தேன். உன் வகுப்புக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். ஆசிரியரைப் பார்க்கத்தான்.

வகுப்பு முடிந்து முதலில் நீதான் வெளியே வந்தாய், கூடவே நாலைந்து பேர். கையை ஆட்டி ஆட்டி என்னவோ வாதாடினாய். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நீ அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பேச விட்டதும் இல்லை போல. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. ஆசிரியர் மேல் இல்லை, உன்னைச் சுற்றி நின்ற அத்தனை பேர் மேலும்.

வகுப்பில் இன்னும் விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் ஆசிரியர் வந்திருப்பார். பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் சொல்லிவிட்டு வருகிறேன். எனக்காக வகுப்பை விட வேண்டாம். நான் சமைத்து வைக்கிறேன், முடித்துவிட்டு வா. அன்றைக்கு எதற்கு அவ்வளவு வாதாடினாய் என்று மட்டும் எனக்குச் சொல். கேட்க ஆசையாக இருக்கிறது.

உன்னவன்