முத்தையாவுக்குத் துணை இருந்த நாட்கள்

20-8-74, செவ்வாய்
காலை முதல் தூறல். விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. காலரா எஸ்டேட்டின் கீழ் லயத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. நோய் பரவாமல் இருக்க ரோட்டை அடைத்து, மறையூர் பஸ்ஸும் நின்றாயிற்று. சந்தை இல்லை, சாராயக்கடையும் பூட்டு. எஸ்டேட்டுக்கு நர்ஸ் நான் ஒருத்தி; எல்லோருக்கும் ஊசி போட்டுப் போட்டுத் தோள் வலி.

22-8, வியாழன்
தேயிலை பாக்டரியில் அடுப்பு எரிக்கும் முத்தையா வாந்தி எடுக்கிறான் என்று லயத்தில் கலக்கம். நோய்க் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். போய்ப் பார்த்தேன். பேதி இல்லை. கைநடுக்கம், வேர்வை. சுவரில் எறும்பு என்று தட்டிக்கொண்டே இருந்தான். தினம் குடித்த உடம்பு, ஒரேயடியாக நின்றதால் இந்தப் பாடு. காலரா இல்லை என்றதும் அவன் பெண்சாதி பார்வதி உட்கார்ந்து அழுதாள்.

ஆபீஸ் போனில் டாக்டர். ரோடு திறக்காமல் வர முடியாதாம். மாத்திரை சொன்னார். வலிப்பு வரலாம், ஆளைத் தனியே விடக்கூடாது.

எனக்கோ கொட்டகை நிறைய நோயாளிகள். பார்வதி ஒருத்தி எத்தனை நேரம் தாங்குவாள்? அடுத்த வீட்டுப் பேச்சியிடம் கேட்டேன். முத்தையா போதையில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியவன். பேச்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "பார்வதிக்காகத்தான் வாரேன். அவனுக்காவ இல்ல."

23-8, வெள்ளி
முறை வைத்துத் துணை: காலையில் பேச்சி, மதியம் கங்காணி, சாயங்காலம் செல்லத்துரை. செல்லத்துரை அவனோடு சேர்ந்து குடிப்பவன். அவனை நம்பலாமா என்று கங்காணிக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

வலிப்பு வந்தது செல்லத்துரை இருந்தபோது. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் துண்டை மடித்து வைத்திருக்கிறான். நான் ஓடிப்போவதற்குள் அடங்கிவிட்டது. வெளியே வந்து கேட்டான்:

"எனக்கும் இப்பிடித்தான் வருமாக்கா?"

குடியை விட நினைத்தால் முதலில் என்னிடம் வா என்றேன்.

25-8, ஞாயிறு
வெயில். வெள்ளைப் புடவை காய்ந்தது. செருப்பு வார் அறுந்தது. கொட்டகையிலிருந்து இரண்டு பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள்.

முத்தையா ரசம் சாதம் சாப்பிட்டான். இன்று என்ன கிழமை என்று கேட்டானாம். புத்தி தெளிந்துவிட்டது என்று பார்வதி ஓடிவந்து சொன்னாள்.

4-9, புதன்
பஸ் வந்தது. கடையும் திறந்தாயிற்று.

முத்தையா குடித்துவிட்டான்.

இதற்குத்தானா உட்கார்ந்து பார்த்தோம் என்று கங்காணிக்குக் கோபம். பார்வதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

5-9, வியாழன்
டிஸ்பென்சரி திறக்கப் போனால் படியில் முத்தையா. தலை நிமிரவில்லை.

"நேத்து குடிச்சிட்டேன் நர்சக்கா. இன்னைக்கிப் போவக்கூடாதுன்னு இருக்கு. ஆனா தனியா இருந்தா போயிருவேன்."

நாடி பார்த்தேன். மாத்திரை கொடுத்து, கூடவே லயத்துக்கு நடந்தேன். இவனுக்காக இன்னொரு முறை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் வழியெல்லாம் யோசனை. அவன் வீட்டு வாசலில் பேச்சி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருலே. இந்தா, பாதிய நீ உரி."